ஆடு தொடாத அழகு!

போன வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே சொப்பு விளையாட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மாடி வீட்டுச் சிறுமிக்கு ஆறு வயசு. அவள்தான் சமையல் மாஸ்டர். அவள் தம்பிக்கு மூன்று வயசு. அவன் விருந்தாளி.

"உக்காருங்க சார். பிரியாணி சூடா இருக்கு!"

விருந்தாளி சப்பணம் போட்டு உட்கார்ந்தான். குட்டி எவர்சில்வர் தட்டில் சிவப்புச் சிவப்பாக ஏதோ பிய்த்துப் போட்டிருந்தது. ஓரத்தில் பச்சையாகப் பொடிப் பொடியாக நறுக்கியது... தயிர்ப் பச்சடியாம்!

'அடடே, என்ன கற்பனை!' என்று நான் ரசித்துக்கொண்டு நின்றேனே தவிர, மரமண்டைக்கு விஷயம் உறைக்கவில்லை. சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவிக்குத்தான் உறைத்தது. கையில் கரண்டியோடு பாய்ந்து வந்தாள்.

"டேய், வாயை மூடு! ஏய், தட்டைக் கீழ போடு!"

பயல் அந்த அதட்டலிலேயே வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். வாயைத் திறக்கச் சொல்லி, விரலை விட்டுத் துழாவிப் பார்த்தோம். நல்லவேளை, ஒன்றும் உள்ளே போகவில்லை. இரண்டு பேருக்கும் சோப்புப் போட்டுக் கை கழுவி விட்டபிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பிரியாணி, எங்கள் வீட்டு வாசலில் பூத்த சிவப்பு அரளிப்பூ. தயிர்ப் பச்சடி, அதே செடியின் இலை!

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் கோர்ட் கூடியது. வாதி, என் அம்மா. "நான் அன்னிக்கே சொன்னேன். அரளியைப் போய் யாராவது வாசல்ல வைப்பாங்களா? நாளைக்கே வெட்டிப் போடு" என்றார். பிரதிவாதி, என் மனைவி. "வெள்ளிக்கிழமை அம்மன் படத்துக்குப் போட ஒரு முழம் மல்லி என்ன விலைன்னு உங்க பிள்ளைக்குத் தெரியுமா? தண்ணி ஊத்தாட்டியும் வருஷம் பூரா பூக்குது. இதை ஏன் வெட்டணும்? பிள்ளைங்களுக்குச் சொல்லி வைக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

நீதிபதி நான். வழக்கம்போல் வாய்தா போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே பனமரத்துப்பட்டிப் பக்கம் என் சித்தப்பா அரளி வைத்திருக்கிறார். ஒரு செடி, இரண்டு செடி இல்லை. ஒன்றரை ஏக்கர்!

சித்தப்பாவின் சிவப்புக் காடு

பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளி என்பது வாசல் செடி இல்லை. கரும்பு, மஞ்சள் மாதிரி அது ஒரு வெள்ளாமை. பஸ்ஸிலிருந்து பார்த்தாலே வரிசை வரிசையாக ஆளுயரப் புதர்கள் தெரியும். விடியற்காலையில் பறிக்கிற மொட்டு, சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து ஊர் ஊராகப் பிரிந்து போகிறது.

"வாடா கண்ணு. என்ன, அரளியைப் பத்திக் கேக்கவா இத்தினி தூரம் வந்தே? உனக்கு வேற சோலி இல்லையா?" என்று வரவேற்றார் சித்தப்பா.

நான் போனபோது மணி ஆறரை. சித்தியும் நாலைந்து பெண்களும் மடியில் சேலையைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். விரிந்த பூவை யாரும் தொடவில்லை. நாளைக்கு விரியப்போகிற மொட்டாகப் பார்த்துப் பறிக்கிறார்கள். மாலையாகக் கட்டிச் சாமி கழுத்தில் விழும்வரை மொட்டு வாடாமல் இருக்க வேண்டும். விரிந்த பூவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"இதை வைக்கிறது ஒண்ணும் பிரம்ம வித்தை இல்லைடா" என்று ஆரம்பித்தார் சித்தப்பா. "விதை எல்லாம் வேணாம். நல்லா முத்தின குச்சியா, பென்சில் கனத்துக்கு, ஒரு சாண் நீளம் வெட்டி நட்டா வேர் பிடிச்சுக்கும். ஆறடிக்கு ஆறடி குழி. குழிக்கு ரெண்டு குச்சி. மக்கின தொழு உரம். ஆடி, ஆவணியில மழையைப் பாத்து நட்டா உசிரு பிடிச்சுக்கும். அப்புறம் பத்து நாளைக்கு ஒரு தண்ணி. தண்ணி தேங்கி நின்னாத்தான் ஆகாது. காய்ச்சல் தாங்கும், ஈரம் தாங்காது!"

"பூ எப்ப வரும், சித்தப்பா?"

"வருஷம் திரும்பறதுக்குள்ளயே தலையைக் காட்டிரும். அதுக்கப்புறம் வருஷம் பூரா பூதான். வெயில் ஏற ஏறப் பூ ஏறும். பனிக் காலத்துல கொஞ்சம் அடங்கும். ஒருக்கா வெச்சா பல வருஷத்துக்குக் கவலை இல்லை. கவாத்து மட்டும் ஒழுங்கா பண்ணணும். புதுத் தளிர் நுனியிலதான் பூ வரும். வெட்டாம விட்டா மரமாட்டம் ஏறிப் போயிரும். ஏணி போட்டா பறிக்க முடியும்?"

விலை பற்றிக் கேட்டேன். சித்தப்பா சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

"ஆயுத பூஜைக்கு முதல் நாள் கிலோ முந்நூறு ரூபாய்க்குக் கூட எடுப்பான். அடுத்த வாரமே இருபது ரூபாய்க்குக் கேக்க ஆள் இருக்காது. பறிகூலி கட்டாது. ஆனா பறிக்காமலும் இருக்க முடியாது. மொட்டை விட்டா விரிஞ்சு கொட்டிரும். மல்லி வெச்சவன் பாடு இதைவிட மோசம். அதுக்குத் தண்ணி வேணும், மருந்து வேணும். இது கொடுக்கறது கொஞ்சம்னாலும் கேக்கறதும் கொஞ்சம்தான்."

தோட்டத்துக்கு வேலியே இல்லை என்பதைக் கவனித்தேன். சித்தியின் நாலு வெள்ளாடுகள் வரிசைக்கு நடுவே புகுந்து அருகம்புல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. அரளி இலை முகத்தில் உரசுகிறது. ஆனால் ஒன்றுகூட வாய் வைக்கவில்லை!

"ஆடு தொடாத இலையா!" என்று அதிசயப்பட்டேன்.

"பச்சையா இருந்தா தொடாது" என்றார் சித்தி. "காஞ்சு கிடந்தா அதுக்கும் தெரியாதுடா தம்பி. முந்தி பக்கத்துக் காட்டுல கவாத்து பண்ணின தழையை அப்படியே வரப்புல போட்டுட்டாங்க. அது காஞ்சு புல்லோட சேந்து போச்சு. தெரியாம அறுத்துட்டு வந்து போட்டேன். ரெண்டு ஆடு போச்சு. அதுலேர்ந்து வெட்டின தழையைத் தனியா குழி வெட்டிப் புதைச்சிருவோம்."

இந்த ஒரு வரிக்காகவே பஸ் சார்ஜ் கொடுத்தது தகும் என்று தோன்றியது. அரளியின் விஷம் காய்ந்தாலும் போகாது. வெந்தாலும் போகாது. அதன் குச்சியை அடுப்பெரிக்கவும் கூடாது. புகையும் ஆகாது.

பாட்டனி லேப் ஞாபகம் இருக்கிறதா?

பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுத்தவர்களுக்கு 'நீரியம்' என்ற பெயர் ஞாபகம் இருக்கும். பிளேடை வைத்துக்கொண்டு, இலையைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, பக்கத்துப் பெஞ்சுக்காரன் நோட்டைப் பார்த்துப் படம் வரைவோமே... அதேதான்! நீரியம் ஒலியாண்டர். 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர்.

ஏன் எல்லா லேபிலும் இந்த இலை? காரணம் இருக்கிறது. சாதாரண இலைகளில் மூச்சுவிடும் துளைகள் வெளியே தெரிகிற மாதிரி இருக்கும். அரளியிலோ அவை இலையின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. குழியின் வாயில் மெல்லிய ரோமங்கள் வேறு. வெயில் காற்று நேரே படாது. தண்ணீர் வீணாகாது. மேல் தோலும் தோல் செருப்பு மாதிரித் தடிமன். ஒரு கணுவுக்குப் பெரும்பாலும் மூன்று இலைகள். கிள்ளினால் பால் வடியும். இலை மொத்தமாக உதிர்ந்து மொட்டையாக நிற்கிற வழக்கமே இல்லை. என்றும் பச்சை!

மத்தியதரைக் கடல் ஓரம் தொடங்கி நம் நாடு தாண்டிச் சீனா வரைக்கும் இது இயல்பாக வளர்கிற செடி. நெடுஞ்சாலைகளில் நடுத் திட்டில் வரிசையாக வைத்திருக்கிறார்களே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? தண்ணீர் கேட்காது. புகையைத் தாங்கும். மாடு கடிக்காது. ராத்திரியில் எதிரே வருகிற லாரியின் ஹெட்லைட் டிரைவர் கண்ணில் அடிக்காமல் மறைக்கும். சம்பளம் வாங்காத டிராபிக் கான்ஸ்டபிள்!

இன்னொரு வேடிக்கை. இத்தனை அழகாகப் பூத்துக் குலுங்குகிறதே, இந்தப் பூவில் தேன் கிடையாது! நிறத்தையும் மணத்தையும் நம்பி வருகிற பூச்சி, உள்ளே போய்த் தேடிப் பார்த்து ஏமாந்து, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த பூவுக்குப் போய் அங்கேயும் ஏமாறுகிறது. தள்ளுபடி விற்பனை போர்டைப் பார்த்து ஜவுளிக் கடைக்குள் நுழைகிற நம்மைப் போல!

ஆனால் இந்தச் செடியையே சாப்பிட்டு வளர்கிற ஜீவன்களும் உண்டு. கறுப்பு இறக்கையில் ஓரமாக வெள்ளைப் புள்ளி வைத்த ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு அரளி இலையைத் தின்னும். விஷம் அதைக் கொல்வதில்லை.  வண்ணத்துப்பூச்சியை வாயில் வைத்த பறவை துப்பிவிடும். அதன் கூட்டுப்புழு அரளி இலைக்கு அடியில் வெள்ளிக் கம்மல் மாதிரிப் பளபளவென்று தொங்கும். அடுத்த முறை அரளியைப் பார்த்தால் இலையின் அடியில் தேடிப் பாருங்கள்.

குதிரைக்கு எமன்

அரளிக்கு நம் பழைய பெயர் அலரி. கணவீரம் என்றும், கரவீரம் என்றும் சொல்வார்கள். திருவாரூர்ப் பக்கம் திருக்கரவீரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். அங்கே தல மரமே அலரிதான். ஊருக்குப் பெயரும் அதனால் வந்ததுதான். துர்க்கைக்கும் முருகனுக்கும் செவ்வரளி, சிவனுக்கும் பிள்ளையாருக்கும் வெள்ளரளி என்று நம் கோயில்களில் இது நுழையாத சன்னதி குறைவு.

இதே செடிக்கு வடமொழியில் 'அஸ்வமாரகம்' என்று இன்னொரு பெயர். என்ன அர்த்தம் தெரியுமா? குதிரையைக் கொல்வது! ஆக, ஒரு கையால் சாமிக்குப் போட்டவர்களே, இன்னொரு கையால் எச்சரிக்கை போர்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் போர்டைப் படிக்க மறந்துவிட்டோம்.

அப்படி என்ன விஷம்? ஒலியாண்ட்ரின் என்று பெயர். வேர், பட்டை, இலை, பூ, விதை... எந்தப் பாகமும் விலக்கில்லை. நம் இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு குட்டி பம்ப் செட் இருக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது அதன் வேலை. அந்தக் கணக்குச் சரியாக இருந்தால்தான் 'லப் டப்' ஒழுங்காக அடிக்கும். ஒலியாண்ட்ரின் போய் அந்த பம்பை நிறுத்திவிடுகிறது. வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல் என்று ஆரம்பித்து, நாடித் துடிப்பு தாறுமாறாகிவிடும்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், இதய நோயாளிகளுக்கு டாக்டர்கள் கொடுக்கிற 'டிகாக்ஸின்' மாத்திரையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது டிஜிடாலிஸ் என்ற வேறு ஒரு செடியிலிருந்து வருகிறது. அந்தச் செடியின் மருத்துவ குணத்தை வில்லியம் விதரிங் என்ற இங்கிலாந்து டாக்டர் 1785இல் புத்தகமாகவே எழுதினார். அதிலும் மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே மயிரிழைதான் தூரம். அதனால்தான் டாக்டர் மில்லிகிராமுக்கும் கீழே கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார். அரளி இலையில் எவ்வளவு இருக்கிறது என்று எந்த இலையிலும் அச்சடித்திருக்காது!

ஆகவே 'அரளியில் கைவைத்தியம்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உடனே அழித்துவிடுங்கள். 2020இல் கொரோனா பீதியின்போது அமெரிக்காவில் ஒலியாண்ட்ரினைச் சர்வரோக நிவாரணி மாதிரிச் சிலர் தூக்கிப் பிடித்தார்கள். உணவுச் சத்து என்று சொல்லி விற்க அனுமதி கேட்டபோது, அந்த நாட்டு உணவு, மருந்துத் துறை மறுத்துவிட்டது.

கேரளத்தில் கை விட்டார்கள்

2024ஆம் வருஷம் மே மாதம் கேரளத்தில் ஒரு செய்தி எல்லாரையும் உலுக்கியது. வெளிநாட்டில் வேலை கிடைத்துப் புறப்பட்ட ஓர் இளம் நர்ஸ் திடீரென்று இறந்துபோனார். வீட்டு முற்றத்தில் போன் பேசியபடியே அங்கிருந்த அரளியைக் கிள்ளி வாயில் போட்டு மென்றிருக்கிறார் என்று சந்தேகப்பட்டார்கள். போன் பேசும்போது கை தானாக எதையாவது கிள்ளும் இல்லையா? நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். அவர் கிள்ளிய செடி, அரளி.

அந்த மாதமே திருவாங்கூர் தேவஸ்வம் போர்டும் மலபார் தேவஸ்வம் போர்டும், நைவேத்தியத்திலும் பக்தர்கள் கையில் கொடுக்கிற பிரசாதத்திலும் அரளி வேண்டாம் என்று முடிவெடுத்தன. துளசியும் தெச்சியும் (நம் இட்லிப்பூதான்!) அந்த இடத்துக்கு வந்தன.

இதை சித்தப்பாவிடம் சொன்னபோது முகம் கொஞ்சம் சுருங்கியது. கேரளத்துக்கு நம் ஊர்ப் பூ தோவாளை வழியாகப் போகிற கணக்கு அவருக்குத் தெரியும். "அங்க ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டா இங்க ஒரு குடும்பத்துக்கு உலை கொதிக்காது" என்று முனகினார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா அவங்க சொல்றதும் ரைட்டுதான்டா. மாலை வேற, பிரசாதம் வேற. கழுத்துல கிடக்க வேண்டியதைக் கையில கொடுத்தா, சின்னப் பிள்ளை வாயிலதானே வைக்கும்? கழுத்தோட நிக்கட்டும். நாங்களும் பொழைச்சுக்குவோம்."

ஒன்றரை ஏக்கர் அரளியை நம்பி இருக்கிறவர் சொன்ன தீர்ப்பு இது. என் கேஸுக்கும் பாதி விடை கிடைத்துவிட்டது.

பெட்டிச் செய்தி: எது அரளி?

* சினிமாவில் வருகிற 'அரளி விதை', மாலை கட்டுகிற அரளியின் விதை இல்லை. அது மஞ்சள் அரளி. புனல் மாதிரி மஞ்சள் பூவும், பச்சைக் காயும் உள்ள வேறு செடி. சொந்த ஊர் மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா. அதுவும் இதே குடும்பம்தான். இதே விஷ ஜாதிதான். காய் பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருப்பதால் குழந்தைகளுக்கு அது இன்னும் ஆபத்து. இதன் விதைக்கு ஆங்கிலத்தில் 'லக்கி நட்' என்று பெயர் வைத்தவரை என்ன சொல்வது!

* மாலை அரளிக்குக் காய் நீளமான குச்சி மாதிரி இருக்கும். வெடித்தால் ரோமம் ஒட்டிய பொடி விதைகள் காற்றில் பறக்கும்.

* கொழும்பில் இலங்கைப் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லத்துக்குத் தமிழில் 'அலரி மாளிகை' என்று பெயர். அங்கே அலரி என்பது நம் அரளி இல்லை. கோயில் வாசல்களில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்து உதிருமே, அந்தப் பெருங்கள்ளிப் பூ மரம்!

* நந்தியாவட்டை, நித்தியகல்யாணி எல்லாம் அரளிக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

சாம்பலில் பூத்த பூ

இவ்வளவு படித்துவிட்டு, 'சீ, இது ஒரு செடியா!' என்று தோன்றுகிறதா? ஒரு நிமிஷம். ஜப்பானுக்குப் போய் வரலாம்.

1945 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமா மீது அணுகுண்டு விழுந்தது. நகரமே சாம்பல். 'இன்னும் எழுபத்தைந்து வருஷத்துக்கு இந்த மண்ணில் புல் முளைக்காது' என்று வதந்தி பரவியது. பிழைத்தவர்களும் ஊரைவிட்டுப் போய்விடலாமா என்று யோசித்த நேரம். அந்தக் கருகிய மண்ணில் முதல் முதலாகப் பூத்த பூக்களில் ஒன்று, அரளி. 'செடியே பூக்கிறது, நாம் வாழ முடியாதா?' என்று ஜனங்களுக்குத் தெம்பு வந்தது. 1973இல் ஹிரோஷிமா நகரம் அரளியைத் தன் நகரப் பூவாகவே அறிவித்துவிட்டது.

அணுகுண்டுக்கே அசையாத செடி, நாம் ஊற்றுகிற அரை வாளித் தண்ணீருக்கு ஏன் பூக்காது?

வீட்டில் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் சில கண்டிஷன்கள். சித்தப்பா சொன்னதையும் நான் அனுபவத்தில் கண்டதையும் சேர்த்துத் தருகிறேன்.

முதலில் இடம். நல்ல வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலைதான் வரும், பூ வராது. தொட்டியில் வைக்கிறவர்கள் பெரிய தொட்டியாக, அடியில் ஓட்டை உள்ளதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். செம்மண், மணல், மக்கிய உரம் போதும். மண் காய்ந்த பிறகு அடுத்த தண்ணீர்.

அடுத்தது கவாத்து. பூத்து முடிந்த கிளையை நுனியில் வெட்டிவிட்டால் பக்கக் கிளை அடித்து இரண்டு மடங்கு பூக்கும். வெட்டும்போது கையுறை போடுங்கள். பால் கண்ணில் பட்டால் எரியும். முடிந்ததும் கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்கறிக் கத்தியால் வெட்டாதீர்கள்!

தளிரில் மஞ்சள் மஞ்சளாகப் பூச்சி அப்பிக்கொண்டிருந்தால் அசுவினி. பயப்பட வேண்டாம். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளித்தால் போதும்.

வெட்டிய தழையை மாடு, ஆடு மேய்கிற இடத்தில் போடாதீர்கள். எரிக்காதீர்கள். புதைத்துவிடுங்கள். அதன் குச்சியில் எதையும் குத்திச் சுட்டுச் சாப்பிடக் கூடாது. பல் குச்சியாகவும் கூடாது.

வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கிறதா? அரளி இன்னும் நாலு வருஷம் நர்ஸரியிலேயே இருக்கட்டும். அதுவரை செம்பருத்தி வையுங்கள். அதுவும் என்றும் பச்சை, அதுவும் அம்மனுக்கு இஷ்டம், வாயில் போட்டாலும் வம்பில்லை.

கோயிலில் அரளி கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள், தலையில் வையுங்கள். விபூதி, குங்குமத்தோடு சரி. பொங்கல் தொன்னைக்குள் போட வேண்டாம்.

இவ்வளவையும் மீறி யாராவது தெரியாமல் மென்றுவிட்டால்? வாயில் இருப்பதைத் துப்பச் சொல்லி, வாயைக் கொப்பளிக்க வையுங்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சாணித் தண்ணீர் என்று வீட்டில் எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108க்குப் போன். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. கடித்த இலையையோ காயையோ ஒரு கவரில் போட்டு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். 'நல்லாத்தானே இருக்கான்' என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். இந்த விஷம் நேரம் கழித்தும் வேலையைக் காட்டும். சீக்கிரம் போனால் இதயத் துடிப்பைக் கவனித்துக் காப்பாற்ற டாக்டர்களிடம் வழி இருக்கிறது. டிகாக்ஸினுக்கு என்று செய்த ஒரு முறிவு மருந்து, அரளி விஷத்தையும் கட்டுப்படுத்தும் என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் அது எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. அதனால்தான் சொல்கிறேன், தாமதம் கூடாது.

தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடு திரும்பியபோது மறுபடியும் கோர்ட் கூடியது. தீர்ப்பை வாசித்தேன்.

செடியை வெட்டுவதில்லை. ஆனால் மாடிப்படிப் பக்கம் இருக்கக் கூடாது. மொட்டை மாடிக்கு நாடு கடத்தப்படுகிறது. மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள். படிக்கட்டுப் பக்கம் காலியான இடத்தில் ஒரு செம்பருத்தி. பூப் பறிக்கிற உரிமை வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும்.

"ரெண்டு பேருக்கும் நல்ல பிள்ளையா தீர்ப்புச் சொல்லிட்டான்" என்றார் அம்மா. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தொட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான் என்பதால் அவளுக்கு ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. தொட்டி என்ன கனம் என்கிறீர்கள்!

போன வாரம் மாடி வீட்டுச் சிறுமி என்னோடு மொட்டை மாடிக்கு வந்தாள். அரளி கொத்தாகப் பூத்திருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூர நின்று பார்த்தாள்.

"அங்கிள், இது பாக்கற பூ. சாப்பிடற பூ இல்லை" என்றாள், எனக்குப் பாடம் சொல்கிற தோரணையில்.

"யாரும்மா சொன்னா?"

"ஆன்ட்டி சொன்னாங்க. ஆடுகூடத் தொடாதாமே?"

பச்சை இலையென்றால் ஆடு தானாகவே ஒதுங்கிவிடுகிறது. குழந்தைக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். சொன்னால் புரிந்துகொள்கிறது. இன்று சாயங்காலம் உங்கள் வாசலில் அரளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கத்தியை எடுக்காதீர்கள். முதலில் குழந்தைகளைக் கூப்பிடுங்கள்!